கடல்பாசிக்குக் காய்ச்சல் பார்த்த கதை

மொதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். நான் படிக்கிற ஆஹென் ஊர்ல கடல் கிடையாது. ஜெர்மனி, பெல்ஜியம், நெதர்லாந்து மூணும் ஒட்டிக்கிற மூலையில இருக்கிற ஊரு. ஒரு காலை ஜெர்மனியிலயும் இன்னொரு காலை பெல்ஜியத்துலயும் வச்சுக்கிட்டு நெதர்லாந்தைப் பார்த்துத் தும்மலாம், அதுக்குன்னே வால்ஸ் பக்கத்துல ஒரு குன்று இருக்கு. வெந்நீர் ஊத்து இருக்கு, சார்லமேன் காலத்து தேவாலயம் இருக்கு, பிரிண்டன்னு பல்லை உடைக்கிற ஒரு பிஸ்கோத்து இருக்கு. கடல் மட்டும் இல்லை. அப்புறம் எதுக்குடா கடல்பாசியைப் பத்தி பதிவுன்னு கேப்பீங்க. சொல்றதுக்கு கொஞ்சம் வெக்கமாத்தான் இருக்கு. ஆனா சொல்லிட்டா பாரம் கொறையும்.

(நீளமான பதிவு மக்களே. டீ போட்டுட்டு வந்து உக்காருங்க.)

எங்க சித்தி வீடு மண்டபத்துக்குப் பக்கம். அந்தப் பக்கம் போனவங்களுக்குத் தெரியும், ரோட்டுக்கு வடக்கால ஒரு கடல், தெற்கால ஒரு கடல். வடகடல்னா பாக் விரிகுடா, தென்கடல்னா மன்னார் வளைகுடா. சித்தி சின்ன வயசுலேர்ந்தே பாசி எடுக்கப் போனவங்க. கண்ணுல கண்ணாடி, விரல்ல சுத்தின துணி, இடுப்புல பை. மூச்சை அடக்கி முங்கி, பாறையில ஒட்டியிருக்கிற பாசியைக் கையால பிச்சு எடுக்கணும். மரிக்கொழுந்து பாசி, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை, பக்கோடான்னு நாலு பேரு எனக்கு எழுத்து படிக்கிறதுக்கு முன்னாடியே தெரியும். மரிக்கொழுந்துலயும் கஞ்சிப்பாசியிலயும் அகர் எடுக்குறாங்க, கட்டக்கோரையிலயும் பக்கோடாவுலயும் ஆல்ஜினேட் எடுக்குறாங்கங்கிறது எல்லாம் நான் காலேஜுக்குப் போய் தெரிஞ்சுக்கிட்டது. பாம்பன் சின்னப்பாலத்துல இருக்கிற லட்சுமி மூர்த்திங்கிற அம்மாவுக்கு 2015-ல சீகாலஜி விருது கிடைச்சுதே, ஞாபகம் இருக்கா? பாசி எடுக்கிற பொம்பளைங்களுக்காக நின்னதுக்குத்தான் அது. அதே தொழில்தான் எங்க சித்திக்கும்.

1986-ல மன்னார் வளைகுடா தீவுகளைச் சுத்தி கடல்சார் தேசியப் பூங்கா வந்துச்சு. 21 தீவு. அப்புறம் பழைய மாதிரி அந்தப் பக்கம் போய் பாசி எடுக்க முடியலை. அந்த நேரத்துக்கு வந்து சேர்ந்துச்சு வளர்க்கிற பாசி. கப்பாஃபைகஸ்னு பேரு. நம்ம கடலுக்குச் சொந்தமில்லை, பிலிப்பைன்ஸ் பக்கத்துப் பாசி. பாவ்நகர்ல இருக்கிற மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதியியல் ஆராய்ச்சி நிலையம் 1984-ல இந்தியாவுக்குக் கொண்டு வந்து சோதிச்சுது. 2000-ல பெப்சிகோ கம்பெனி ஒப்பந்த முறையில எங்க பக்கம் வளர்க்க ஆரம்பிச்சதால எங்க ஊர்ல அதுக்குப் பேரே 'பெப்சி பாசி' :-) குடிக்கிறதுக்கு இல்லை, அதுல கராஜீனன்னு ஒரு பொருள் எடுக்குறாங்க. ஐஸ்கிரீமையும் டூத்பேஸ்ட்டையும் கெட்டியா வச்சிருக்கிறது அதுதான். (இந்தப் பாசி குருசடைத் தீவுப் பவளப்பாறையில பரவிடுச்சுன்னு 2008-ல ஆராய்ச்சிக்காரங்க எழுதி அது ஒரு பெரிய சண்டை. அதைத் தனிப் பதிவாத்தான் எழுதணும்.)

மூங்கில்ல சதுரமா தெப்பம் கட்டி, குறுக்கால கயிறு கட்டி, கயித்துல பாசித் துண்டுகளை முடிஞ்சு மிதக்க விட்டா சுமார் 45 நாள்ல அறுவடை. முங்க வேணாம், மூச்சடக்க வேணாம். சித்திக்கு அது சொர்க்கம் மாதிரி இருந்துச்சு. ஆனா 2013-க்கு அப்புறம் எங்க கரையில பாசி கொத்துக் கொத்தா செத்துப்போச்சு. கடல் சூடானது ஒரு முக்கியமான காரணம்னு சொல்றாங்க. சூடு தாங்காத பாசிக்கு கிளையெல்லாம் வெளுத்து, கண்ணாடி மாதிரி ஆகி, ஒடிஞ்சு விழுந்துரும். ஐஸ் மாதிரி வெளுக்கிறதால 'ஐஸ்-ஐஸ்'னே நோய்க்குப் பேரு. சூட்டுல வர்ற நோய்க்கு ஐஸ்னு பேரு வச்சவன் யாருன்னு தெரியலை. சித்தி அந்த வருஷம் வாங்கின கடனை அடைக்க நாலு வருஷம் ஆச்சு.

இப்போ என் கதைக்கு வர்றேன்.

2020-ல கொரோனா வந்தப்போ கடைவாசல்ல நெத்தியில துப்பாக்கி மாதிரி ஒண்ணை வச்சு காய்ச்சல் பார்த்தாங்களே, அந்த சாதியில தொழிற்சாலைக்குன்னு ஒரு மாடல் இருக்கு. சிவப்பு லேசர் புள்ளி விழும், விசையை அமுக்குனா டிகிரி காட்டும். இங்க கட்டுமானச் சாமான் விக்கிற கடைகள்ல சுலபமா கிடைக்கும். நான் படிக்கிறதே அளவீட்டுக் கருவிங்க சம்பந்தமாங்கிறதால ஒரு பெருமை. 'சித்தி, தண்ணியைத் தொடக்கூட வேணாம், தூரத்துலேர்ந்து அமுக்குங்க, டிகிரி வரும். 31-ஐத் தாண்டினா அறுத்துருங்க'ன்னு சொல்லி ஊருக்குப் போற நண்பன் கையில ஒண்ணு கொடுத்து விட்டேன்.

போன வருஷம் ஏப்ரல். வாட்சப்ல சித்தி கூப்பிட்டாங்க.

"தம்பி, தண்ணி ரெண்டு நாளா ஒரு மாதிரியா சுடுதுப்பா. கையை விட்டா வெதுவெதுன்னு இருக்கு. அறுத்துரவா? இன்னும் 45 நாள் ஆகலை, எடை நிக்காது."

"துப்பாக்கி என்ன காட்டுது சித்தி?"

"இருபத்தொம்போது காட்டுது. ஒரு தடவை இருபத்தொம்போதரை."

"அப்போ ஒண்ணும் இல்லை சித்தி. கையி ஏமாத்தும், மிஷினு ஏமாத்தாது. விடுங்க, எடை கூடட்டும்."

இந்தக் கடைசி வாக்கியத்தை நான் சொன்ன மாதிரியே எழுதியிருக்கேன். ஒன்பதாவது நாள் சித்தி போட்டோ அனுப்பினாங்க. தெப்பத்துல பாதி வெள்ளை. திட்டவே இல்லை. "பரவால்லப்பா, உனக்கு என்ன தெரியும் அங்கேர்ந்து"ன்னு மட்டும் சொன்னாங்க. நாலு வார்த்தை திட்டியிருந்தா நல்லாருந்திருக்கும்.

அன்னைக்கு ராத்திரி தூங்கலை. 29-ன்னு ஏன் காட்டுச்சு? அதே வாரம் அந்தப் பக்கம் இறங்குன ஒரு தெரிஞ்ச ஆராய்ச்சி மாணவர் தண்ணிக்குள்ள முக்கிப் பார்த்தது 31-க்கு மேல. ரெண்டு டிகிரி எங்க போச்சு?

ஆஹென்ல இருந்துக்கிட்டு இந்தக் கேள்வியைக் கேக்குறதுல ஒரு பொருத்தம் இருக்கு. வில்ஹெல்ம் வீன்னு ஒருத்தர். சூடான பொருள் எந்த அலைநீளத்துல அதிகமா கதிர் வீசும்னு 1893-ல விதி கண்டுபிடிச்சவர். 1896-லேர்ந்து 1899 வரைக்கும் இதே ஆஹென் தொழில்நுட்பக் கல்லூரியில இயற்பியல் பேராசிரியரா இருந்தார். வெப்பக் கதிர் விதிகளுக்காக 1911-ல நோபல். அவர் பாடம் நடத்தின ஊர்ல உக்காந்துக்கிட்டு நான் அவரோட விதியைத் தப்பா சொல்லிக் கொடுத்திருக்கேன், என் சித்திக்கு!

விஷயம் இதுதான். எல்லாப் பொருளும் கண்ணுக்குத் தெரியாத கதிரை வீசிக்கிட்டே இருக்கு. கண்ணுக்குத் தெரியாத கதிர்னு ஒண்ணு இருக்கிறதை 1800-ல வில்லியம் ஹெர்ஷல் கண்டுபிடிச்சார். சூரிய ஒளியைப் பட்டகத்துல பிரிச்சு, ஒவ்வொரு நிறத்துலயும் தெர்மாமீட்டர் வச்சார். சிவப்பைத் தாண்டி வெறும் இருட்டுல வச்ச தெர்மாமீட்டரும் ஏறுச்சு. அதுதான் அகச்சிவப்பு. வீன் விதிப்படி, சாதாரண வெயில் நாள்ல கல்லும் மண்ணும் பாசியும் நாமளும், சுமார் 27 டிகிரி செல்சியஸ்ல இருந்தா, 9.7 மைக்ரான்கிட்ட அதிகமா வீசுவோம். துப்பாக்கி பார்க்கிறது 8-லேர்ந்து 14 மைக்ரான் வரைக்கும். காத்து அந்த இடத்துல அதிகமா மறைக்காது, அதான் காரணம். உள்ள ஒரு லென்ஸ், அதுக்குப் பின்னாடி வெப்ப மின்னிரட்டைகளை அடுக்கி வச்ச ஒரு சில்லு. கதிர் பட்டா சில்லு லேசா சூடாகும், மின்னழுத்தம் வரும், கணக்குப் போட்டு டிகிரி காட்டும். ஸ்டெஃபான், போல்ட்ஸ்மான் ரெண்டு பேர் சொன்னபடி கதிரோட அளவு வெப்பநிலையின் நாலாம் அடுக்கு. 27-லேர்ந்து 37 டிகிரிக்குப் போனா கதிர் 14 சதவீதம் கூடும். லேசர் புள்ளிக்கும் அளவுக்கும் சம்பந்தமே இல்லை. அது விரல் நீட்டிக் காட்டுற மாதிரி, அவ்வளவுதான்.

இப்போ வில்லன் வர்றான். எல்லாப் பொருளும் ஒரே மாதிரி வீசாது. முழுசா வீசுற பொருளுக்கு ஒண்ணுன்னு வச்சுக்கிட்டா தண்ணிக்கு சுமார் 0.96-லேர்ந்து 0.98, இலை தழைக்கும் கிட்டத்தட்ட அதே. பளபளன்னு இருக்கிற உலோகத்துக்கு 0.1-ம் தேறாது. இதுக்கு உமிழ்திறன்னு பேரு. மலிவான துப்பாக்கி எல்லாத்தையும் 0.95-னு நினைச்சுக்கிட்டுக் கணக்குப் போடும். உமிழாத மிச்சப் பங்குக்கு அந்தப் பொருள் கண்ணாடி மாதிரி வேலை செய்யும். எதிர்ல இருக்கிறதோட கதிரை நம்ம பக்கம் திருப்பி விடும்.

நம்பலைன்னா வீட்டுல பண்ணிப் பாருங்க. நான் எங்க விடுதி அடுக்களையில பண்ணேன். பளபளப்பான எவர்சில்வர் கெட்டில்ல தண்ணி கொதிக்க வச்சு பக்கவாட்டுல அமுக்குனேன். முப்பத்தஞ்சு கிட்ட காட்டுச்சு! கூட இருக்கிற மதுரைக்காரன் 'அப்ப தொட்டுப் பார்க்கலாம்ல'ன்னு கையை நீட்டினான், நல்லவேளை புடிச்சு இழுத்தேன். அதே கெட்டில்ல பெயின்ட் அடிக்கிறவங்க ஒட்டுற காகித டேப்பை ஒரு துண்டு ஒட்டி, அது மேல அமுக்குனா தொண்ணூறு கிட்ட. கெட்டில் ஒண்ணுதான், தண்ணி ஒண்ணுதான். முதல்ல துப்பாக்கி பார்த்தது கெட்டிலை இல்லை, கெட்டில்ல தெரிஞ்ச எங்க அடுக்களைச் சுவத்தை.

அடுத்த நாள் எலிசன்புருன்னன் போனேன். ஆஹென் நடுவுல தூண் வச்ச மண்டபம், 1827-ல கட்டி முடிச்சது. அழுகுன முட்டை நாத்தத்தோட சூடான கந்தகத் தண்ணி குழாயில வரும். ஊத்துல அம்பது டிகிரிக்கு மேல. மெல்லிசா விழுற தண்ணியை ரெண்டு மீட்டர் தள்ளி நின்னு அமுக்குனா பாதி சூடுகூட காட்டலை. ஏன்னா துப்பாக்கி பார்க்கிறது ஒரு புள்ளியை இல்லை, வட்டத்தை. என்னோடது 12-க்கு 1. பன்னெண்டு அடி தள்ளி நின்னா ஒரு அடி வட்டம். ரெண்டு மீட்டர்ல பதினாறு பதினேழு சென்டிமீட்டர். அந்த வட்டத்துக்குள்ள தண்ணி ஒரு கோடு, மிச்சமெல்லாம் பின்னாடி இருக்கிற குளிர்ந்த கல்லு. ரெண்டையும் கலந்து சராசரி சொல்லுது. சுத்தி இருந்த பாட்டிம்மாக்கள் எல்லாம் இவன் தண்ணிக்குக் கொரோனா பார்க்கிறானான்னு நினைச்சிருப்பாங்க.

சரி, பாசி? பாசியைப் பார்க்கணும்னா கடலுக்குப் போகணும். ஜூன்ல ஒரு ஞாயித்துக்கிழமை நாலு பேரு சேர்ந்து கார் எடுத்துக்கிட்டு நெதர்லாந்துல ஜீலாந்து மாகாணத்துல இருக்கிற யெர்செக்க ஊருக்குப் போனோம். சுமார் 200 கிலோமீட்டர். சிப்பிக்குப் பேர் போன ஊரு. மத்த மூணு பேரும் சிப்பி திங்கிறதுக்காக வந்தாங்க, நான் பாசிக்குக் காய்ச்சல் பார்க்க. 1953 பிப்ரவரி முதல் தேதி ராத்திரி வந்த வெள்ளத்துல அந்த நாட்டுல 1,836 பேர் செத்துப்போனாங்க. அதுக்கப்புறம் கட்டின அணைகள்ல ஒண்ணு 1986-ல திறந்த ஓஸ்டர்ஸ்கெல்ட தடுப்பணை. மதகைத் திறந்தே வச்சிருக்காங்க, புயல் வந்தாத்தான் மூடுவாங்க. அதனால உள்ள இன்னும் கடல் ஏறி இறங்குது, சுமார் மூணு மீட்டர். கரையில போட்ட கல்லு மேல காட்டுப் பாசி மாதிரி பழுப்புப் பாசி மூடிக் கிடக்கு. காத்துக் குமிழ் வச்ச ஃபூகஸ் வெசிகுலோசஸ், கயிறு மாதிரி நீளமான அஸ்கோஃபில்லம். குமிழை அமுக்குனா பட்டுனு வெடிக்கும், பட்டாணி பட்டாசு மாதிரி.

கடல் இறங்க இறங்க நான் கூடவே இறங்கினேன் (ரெண்டு தடவை வழுக்கி விழுந்ததைத் தனியா சொல்லணுமா?). அன்னைக்குக் காத்து 24 டிகிரி, நல்ல வெயில். கிட்டத்துல, ஒரு சாண் தூரத்துல, நேரா மேலேர்ந்து அளந்தேன். அப்பத்தான் தண்ணியை விட்டு வெளிய வந்த பாசி 20. மேல, மூணு மணி நேரமா வெயில்ல கிடந்து கறுத்துச் சுருங்கின பாசி 33. பக்கத்துல பாசி இல்லாத கருங்கல்லு 39. அந்தக் காஞ்ச பாசியை விலக்கி அடியில இருக்கிற ஈரப் பாசியை அமுக்குனா 22! இதெல்லாம் ஒரு நாள் ஒரு ஆள் எடுத்த கணக்கு, ஆராய்ச்சின்னு நினைச்சுக்காதீங்க. ஆனா அந்த 33-க்கும் 22-க்கும் நடுவுல ஒரு விரற்கடை கூட இல்லை.

நம்ம மண்பானைத் தத்துவம்தான். ஈரம் இருக்கிற வரைக்கும் ஆவியாகி ஆவியாகி பாசி தன்னைக் குளிர வச்சுக்குது. ஈரம் போச்சுன்னா கல்லு மாதிரி சூடேறுது. மேல் அடுக்கு தான் காஞ்சு கீழ இருக்கிறதைக் காப்பாத்துது. ஃபூகஸ் சாதி, உடம்புத் தண்ணியில பெரும்பகுதியை இழந்தாலும் கடல் திரும்ப வந்ததும் ஊறி எழுந்துக்கும். எவ்வளவு காய்ச்சல் தாங்குதோ அந்த உயரத்துல அது குடியிருக்கும். இந்தக் கடல்ல கரையோரம் மேலேர்ந்து கீழ வரைக்கும் தெரு தெருவா பாசி பிரிஞ்சு வாழுறதுக்கு ஒரு காரணம் அதுதான்.

அதனாலதான் கடலோர உயிர்களை ஆராயுறவங்க வானிலை அறிக்கையை நம்புறதில்லை. காத்துச் சூடு வேற, உயிரோட சூடு வேற. அமெரிக்காவுல பிரையன் ஹெல்முத்னு ஒருத்தரும் அவரோட சேர்ந்தவங்களும் 1998-லேர்ந்து சிப்பி மாதிரியே பொம்மை செஞ்சு, அதுக்குள்ள தெர்மாமீட்டர் வச்சு, பாறையில நிஜச் சிப்பிகளுக்கு நடுவுல ஒட்டி அளக்குறாங்க. 2021 ஜூன் கடைசியில கனடாவுல ஒரு வெப்ப அலை வந்துச்சே, லிட்டன் ஊர்ல 49.6 டிகிரி, அப்போ வான்கூவர் கரைப் பாறைகளை கிறிஸ்டோஃபர் ஹார்லி அகச்சிவப்பு கேமராவுல பார்த்தார். 50-க்கும் மேல. அந்தக் கடலோரத்துல நூறு கோடி உயிர்கள் செத்திருக்கும்னு அவர் போட்ட கணக்கு உலகம் முழுக்கச் செய்தியாச்சு. வெளிய தெரியுற பாறையை, பாசியை, சிப்பியை அளக்க இந்த அகச்சிவப்பு முறை அருமையானது. தொடாம, பிய்க்காம, ஒரு நொடியில நூறு இடம் அளக்கலாம்.

ஆனா சித்தியோட பாசி வெளிய தெரியலை. தண்ணிக்குள்ள இருந்துச்சு.

இங்கதான் நான் கோட்டை விட்டேன். அகச்சிவப்புக்குத் தண்ணி ஒரு கறுப்புச் சுவரு. 8-லேர்ந்து 14 மைக்ரான்ல துப்பாக்கி பார்க்கிறது தண்ணியோட மேல்தோலை மட்டும். அந்தத் தோல் ஒரு மில்லிமீட்டர்ல நூத்துல ஒரு பங்கு கனம். அதுக்கு அடியில, ஒரு முழத்துல, பாசி என்ன பாடு படுதுன்னு அதுக்குத் தெரியவே தெரியாது. ஆவியாகுறதால அந்தத் தோல் கீழ இருக்கிற தண்ணியை விட எப்பவும் கொஞ்சம் குளிர்ச்சி வேற. அது சின்ன வித்தியாசம்தான், டிகிரியில கால் பங்கு.

பெரிய வித்தியாசம் சாய்வுல. சித்தி எங்க நின்னு அமுக்கினாங்கன்னு அப்புறமா விவரமா கேட்டேன். படகுல உக்காந்து, தெப்பத்தைப் பார்த்துக் குறுக்கால நீட்டியிருக்காங்க. 'தூரத்துலேர்ந்து அமுக்குங்க'ன்னு சொன்னது யாரு? நான்தான். நேரா மேலேர்ந்து பார்த்தாத்தான் தண்ணிக்கு 0.98. சாய்ச்சுப் பார்க்கப் பார்க்க உமிழ்திறன் கொறையும், கண்ணாடித்தனம் கூடும். சாயங்காலம் குளத்துல எதிர்க்கரை மரம் தெரியுதே, அதே கதைதான். எழுபது டிகிரி சாய்வுல 0.9-னு வச்சு, எதிர்ல தெரியுற வானத்துக்கு 7 டிகிரின்னு வச்சுக் கணக்குப் போட்டேன். 31.5 இருக்கிற தண்ணி 29 சொச்சம்னு வருது. அப்படியே சித்தி சொன்ன நம்பரு! சித்தி கடலை அளக்கலை, கடல்ல தெரிஞ்ச வானத்தையும் சேர்த்து அளந்தாங்க. இது போக, அந்த டப்பாவுல பொடி எழுத்துல 'இரண்டு டிகிரி கூடவோ குறையவோ'ன்னு போட்டிருக்கு. ரெண்டு டிகிரியில வாழ்வா சாவான்னு நிக்கிற பாசிக்கு, ரெண்டு டிகிரி தப்பு காட்டுற கருவி. படிச்சவன் நான், அந்தப் பொடி எழுத்தைப் படிக்கலை.

வீட்டுல யாராச்சும் இந்தத் துப்பாக்கியை வச்சு ஏதாச்சும் அளக்கிறதா இருந்தா, அனுபவத்துல சொல்றேன், கேட்டுக்கோங்க:

1. காய்ச்சல் பார்க்கிற துப்பாக்கி வேற. அது நெத்தியைப் பார்த்து உடம்புச் சூட்டைக் கணக்குப் போட்டுச் சொல்றது. அதை வச்சுக் கல்லு, பாசி எதையும் அளக்காதீங்க.
2. அளக்கிற பொருள் வட்டத்தை விடப் பெருசா இருக்கணும். ரெண்டு விரல் அகலப் பாசின்னா ஒரு சாண் தூரம்தான்.
3. நேரா மேலேர்ந்து பாருங்க. ஆனா உங்க நிழல் விழக்கூடாது. நிழல் பட்ட பாசி சட்டுனு குளிர்ந்துரும்.
4. பளபளப்பான எதையும் நம்பாதீங்க. டேப் ஒட்டுங்க.
5. வீட்டுக்குள்ளேர்ந்து வெயிலுக்கு எடுத்துட்டுப் போனதும் அமுக்காதீங்க. கருவியும் அந்தச் சூட்டுக்குப் பழகக் கால் மணி அரை மணி ஆகும்.
6. ஐஸ்கட்டி போட்டுக் கலக்கின தண்ணியில முதல்ல சோதிங்க. பூச்சியத்துக்குப் பக்கத்துல வரலைன்னா மத்த எதையும் நம்பாதீங்க.
7. தண்ணிக்குள்ள இருக்கிற எதுக்கும் இது ஆகாது. ஆகவே ஆகாது.

அப்புறம் என்ன செஞ்சேன்னு கேப்பீங்க. மீன் தொட்டிக்கு விக்கிற சாதாரண தெர்மாமீட்டர், கம்பி முனையில உணரி வச்சது, ரெண்டு வாங்கி அனுப்பினேன். துப்பாக்கி விலையில கால்வாசி கூட இல்லை. ஐஸ் தண்ணியில சோதிச்சுட்டுத்தான் அனுப்பினேன், இந்த தடவை :-) பாசி தொங்குற ஆழத்துக்குக் கயித்துல அளவு முடிச்சுப் போட்டு, அதுல கட்டி இறக்கணும். காலையில ஒண்ணு, மதியம் ஒண்ணு. நோட்டுல எழுதி வைக்கச் சொன்னேன்.

எழுதி வைக்கச் சொன்னதுக்கு ஒரு காரணம் இருக்கு. ஜெர்மனிக்குச் சொந்தமா பாறைக் கடற்கரைன்னா அது ஹெல்கோலாந்து தீவுதான், செக்கச் செவேல்னு பாறை. 1892-லேர்ந்து அங்க ஒரு கடல் உயிரியல் நிலையம் இருக்கு. அங்க 1962-லேர்ந்து வேலை நாள் தவறாம படகுல போய், வாளியில தண்ணி மொண்டு, சூடு பார்த்து எழுதுறாங்க. ஆமாம், வாளி! அந்த ஏட்டாலதான் வடகடல் (அவங்க வடகடல்) அறுபது வருஷத்துல ஒன்றரை டிகிரிக்கும் மேல சூடேறியிருக்குன்னு இன்னைக்குச் சொல்ல முடியுது. யாரும் ஒரு நாள்ல கண்டுபிடிச்சது இல்லை. எழுதி எழுதி வந்தது.

இதைச் சித்திகிட்ட சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டுக் கேட்டாங்க.

"அன்னைக்கு நான் கையை விட்டுப் பார்த்துச் சொன்னேன்ல, அதுவும் எழுதலாமா?"

"எழுதுங்க சித்தி. கை என்ன சொல்லுதுன்னு தனியா ஒரு கோடு போட்டு எழுதுங்க."

நேர்மையா ஒண்ணு சொல்லணும். கை ஒரு தெர்மாமீட்டர் இல்லை. குளிர்ந்த கையை வெதுவெதுப்பான தண்ணியில விட்டா சுடும், சூடான கைக்கு அதே தண்ணி ஜில்லுன்னு இருக்கும். ஆனா முப்பது வருஷமா தினம் அதே நேரத்துக்கு அதே கடல்ல விட்ட கை, நேத்தைக்கும் இன்னைக்கும் வித்தியாசம் சொல்லும். அன்னைக்கு அது சரியாத்தான் சொல்லுச்சு. பாசி சூட்டுல மட்டும்தான் செத்துச்சான்னும், முந்தியே அறுத்திருந்தா முழுசும் தப்பிச்சிருக்குமான்னும் யாராலயும் சத்தியம் பண்ண முடியாது. ஆனா அறுக்கவான்னு கேட்ட ஆளைத் தடுத்தது நான். அந்தத் தெப்பத்துக்கு ஆன செலவை அனுப்பறேன்னேன். சித்தி வாங்கலை. "படிச்சு முடிச்சுட்டு வா, வந்து நீயே தெப்பம் கட்டிக் கொடு"ன்னுட்டாங்க.

ராமநாதபுரம் மாவட்டம் வலமாவூர்ல 127 கோடி ரூபாய்க்கு மேல செலவுல கடல்பாசிப் பூங்கான்னு 2023 செப்டம்பர்ல அடிக்கல் நாட்டினாங்க. நல்ல விஷயம். அதுல விதைப்பாசி வரும், ஆய்வுக்கூடம் வரும். கூடவே ஒவ்வொரு தெப்பத்துக்கும் கயித்துல கட்டுன ஒரு தெர்மாமீட்டரும் ஒரு நோட்டும் வந்தா நல்லாருக்கும்னு தோணுது. பெரிய செலவு ஒண்ணும் இல்லை.

நேத்து சித்தி நோட்டோட முதல் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தாங்க. தேதி, காலை, மதியம்னு மூணு கட்டம் நான் சொன்னது. நாலாவதா அவங்களே ஒரு கட்டம் போட்டு 'கை'னு எழுதியிருக்காங்க. முதல் நாள்: காலை 28.4, மதியம் 29.1, கை: 'பரவாயில்லை'.

டிஸ்கி: துப்பாக்கி வீணாப் போகலை. சித்தப்பா அதை வச்சு தோசைக்கல்லு சூடு பார்க்குறாராம். இரும்புக் கல்லு, எண்ணெய் ஏறிக் கறுத்தது. அதுக்கு அது சரியாவே காட்டும் :-)